மலாக்காவில் மறைப்பணியும் மக்கள் பணியும்: கட்டுரை எழுதுவோருக்கு மூன்று கேள்விகள்



‘கிறிஸ்துவ மறைப்பணியாளர்களின் சமூகத் தொண்டு’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒரு வகை, “பள்ளி கட்டினார்கள், மருத்துவமனை கட்டினார்கள், அச்சகம் கொண்டுவந்தார்கள்” என்று பாராட்டிக்கொண்டே போகும். இன்னொரு வகை, “மதம் மாற்றத்தான் வந்தார்கள்” என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடும். இரண்டிலும் ஊர் பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது, ஆள் இருக்கமாட்டார். திருத்துகிற ஆசிரியருக்கு மதிப்பெண் போட ஆசைதான். ஆனால் எதற்குப் போடுவது?

சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம்ம மலாக்காவிலேயே சுமார் ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. அந்தத் தொண்டு யாரை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது?
2. அது யாருடைய மொழியில் நடந்தது?
3. தொடங்கியவர்கள் போன பிறகு அதை யார் எடுத்து நடத்தினார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஏன் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

முத்துக்குளித்துறையிலிருந்து மலாக்காவுக்கு

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். 1521-இல் துவார்த்தே கொயெல்யோ என்ற போர்த்துகீசியத் தளபதி குன்றின் மேல் ஒரு சிற்றாலயம் கட்டினார். சுற்றுப்பயணிகள் இன்று படியேறிப் போய்ப் படம் எடுக்கிறார்களே, அந்தச் செயின்ட் பால் குன்றுதான் அது.

1545-இல் அங்கே பிரான்சிஸ் சேவியர் வந்து சேர்ந்தார். அவர் நேராக ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. அதற்கு முன் 1542 முதல் தூத்துக்குடி, மணப்பாடு வட்டாரத்துப் பரதவ மக்களிடையே வேலை செய்தவர். தமிழ் தெரியாமல் போனவர், இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கச் சொல்லி, அதை மனப்பாடம் செய்து சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மலாக்கா வந்ததும் அதே வேலையை மலாய் மொழியில் செய்தார். ‘மக்களிடம் போகவேண்டுமானால் அவர்கள் மொழியில்தான் போகவேண்டும்’ என்ற பாடத்தை அவர் தமிழ்க் கடற்கரையில் கற்றுக்கொண்டு இங்கே வந்தார் என்று சொல்லலாம்.

1548-இல் குன்றின் மேலிருந்த ஆலயம் இயேசு சபையினர் கைக்கு வந்தது. அங்கே பள்ளியும் நடந்தது. 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் சேவியர் இறந்தார். அவர் உடல் கோவாவுக்குப் போகும் வழியில், 1553-இல் சில மாதம் இந்தக் குன்றில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

இப்போது மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது. இயேசு சபையினரின் பள்ளி போயிற்று. ஆனால் அந்தச் சமயத்தைப் பின்பற்றிய குடும்பங்கள் போகவில்லை. உஜோங் பாசிரில் இன்றும் கிறிஸ்தாங் மொழி பேசும் மக்கள் அவர்கள் வழிவந்தவர்கள்தாம். கட்டடமும் பதவியும் ஆட்சியோடு போய்விட்டன. வீட்டுக்குள் புகுந்தது மட்டும் தங்கிவிட்டது.

மொழிப் பாடத்துக்கு ஒரு துணுக்கு: நாம் சாதாரணமாகச் சொல்லும் பாதிரி, சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொற்கள். மலாயில் உள்ள பாடெரி, ஜெண்டேலா, அல்மாரி, மேஜா ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கப்பலில் வந்து இரண்டு மொழியில் இறங்கிய சொற்கள். ‘பிறமொழிச் சொற்கள்’ பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அச்சும் பள்ளியும் சேர்ந்து வந்த வழி

சேவியருக்குப் பின் அதே முத்துக்குளித்துறையில் பணி செய்தவர் அன்றீக் அடிகளார். அவர் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. பிறகு 1706-இல் தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வந்தார். தமிழ் கற்றார், பள்ளி நடத்தினார், அச்சகம் நிறுவினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது.

மொழியைக் கற்பது, பள்ளி திறப்பது, அச்சகம் வைப்பது என்ற இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பழக்கப்பட்ட முறை ஆகிவிட்டது. மலாக்காவில் 1815-இல் தொடங்கிய பணியும் இதே முறையில்தான் நடந்தது.

ஆங்கிலோ-சீனக் கல்லூரி: மலாக்காவில் நின்று சீனாவைப் பார்த்தது

1815-இல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் மலாக்காவுக்கு வந்தார். ஏன் மலாக்கா? அன்றைய சீன அரசு மறைப்பணியைத் தடை செய்திருந்தது. கேன்டன் நகரில் 1807 முதல் இருந்த ராபர்ட் மோரிசன் வெளிப்படையாக எதையும் செய்யமுடியாத நிலை. ஆகவே சீனாவுக்கு வெளியே, சீனர்கள் வாழ்கிற, கப்பல்கள் வந்துபோகிற ஓர் ஊர் தேவைப்பட்டது. மலாக்கா பொருத்தமாக அமைந்தது.

மில்ன் வந்த ஆண்டிலேயே சீனச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அதே ஆண்டில் சீன மொழி மாத இதழ் ஒன்றும் இங்கே வெளிவந்தது. சீன மொழியின் முதல் நவீன இதழ் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். அது பிறந்தது சீனாவில் அல்ல, மலாக்காவில். 1818 நவம்பர் 11-இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1822-இல் மில்ன் இளம் வயதிலேயே இறந்தார். 1823-இல் முழு விவிலியத்தின் சீன மொழிபெயர்ப்பு மலாக்காவில் அச்சாகி முடிந்தது.

இவ்வளவு பெரிய பணி என்ன ஆயிற்று? அபினிப் போருக்குப் பின் 1842-இல் சீனத் துறைமுகங்கள் திறந்தன, ஹாங்காங் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே, 1843-இல், ஜேம்ஸ் லெக் கல்லூரியை ஹாங்காங்குக்கு மாற்றிவிட்டார். யிங் வா கல்லூரி என்ற பெயரில் அது இன்றும் அங்கே நடக்கிறது.

முதல் கேள்விக்கு இங்கே தெளிவான விடை கிடைக்கிறது. பணி நடந்த இடம் மலாக்கா, நினைப்பு முழுக்க சீனா. வழி திறந்ததும் மூட்டை கட்டிவிட்டார்கள். இதைக் குற்றமாக எழுதவேண்டியதில்லை. அவர்கள் நோக்கத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் ‘மலாக்கா மக்களின் கல்விக்காகவே வந்தார்கள்’ என்று எழுதினால் அது தப்பு.

தமிழ் படித்த முன்ஷி அப்துல்லா

அப்படியானால் மலாக்காவுக்கு மிஞ்சியது என்ன? ஒரு மனிதர் மிஞ்சினார். அவர் பெயர் அப்துல்லா பின் அப்துல் காதிர். மலாய் இலக்கியப் பாடத்தில் முன்ஷி அப்துல்லா என்று படித்திருப்பீர்கள்.

1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அப்துல்லாவைத் தந்தை தமிழ் படிக்க அனுப்பினார். அன்றைய மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்றும், ஊரில் இந்திய வணிகர் நிறைந்திருந்ததால் கணக்குவழக்குக்கும் பேச்சுக்கும் அது தேவைப்பட்டது என்றும் அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மறைப்பணியாளர்கள் பள்ளி திறப்பதற்கு முன்பே மலாக்காவில் தமிழ் கற்பிக்க ஆள் இருந்தார். கற்க மாணவரும் இருந்தார்கள். ஆக, ‘நமக்குக் கல்வி என்பதையே மிஷனரிகள்தான் காட்டினார்கள்’ என்ற வாக்கியம் மலாக்காவுக்குப் பொருந்தாது.

மில்ன் முதலான பாதிரிமார்களுக்கு அப்துல்லா மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார், மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோக்கவும் அச்சடிக்கவும் பழகினார். பாதிரியாரிடம் ஆங்கிலம் படித்தால் மதம் போய்விடும் என்று ஊரார் அஞ்சிய காலம் அது. அப்துல்லா போய்ப் படித்தார். கடைசிவரை முஸ்லிமாகவே இருந்தார். மலாய் விவிலிய மொழிபெயர்ப்பில் தாம்சன் என்ற பாதிரியாரின் மலாய் நடை சரியில்லை என்று முகத்துக்கு நேரே வாதாடினார். 1843-இல் எழுதி முடித்த ‘ஹிக்காயத் அப்துல்லா’ 1849-இல் சிங்கப்பூரில், மிஷன் அச்சகத்தின் உதவியோடுதான் வெளிவந்தது. 1854-இல் ஹஜ் பயணம் போன இடத்தில் காலமானார்.

கல்லூரி போன பிறகும் அச்சுத்தொழிலும் புதிய உரைநடையும் இந்த மண்ணில் நின்றன. காரணம், உள்ளூர்க்காரர் ஒருவர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார். சமயத்தை மறுத்தும் கல்வியை ஏற்கலாம் என்று காட்டியவர் அவர்.

யாழ்ப்பாணத்தில் இதே கதை

கட்டுரையில் ஒப்பீடு வேண்டுமா? ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1822-இல் நல்லூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினார். 1848-இல் அங்கிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அச்சியந்திரம் வாங்கினார். படிப்படியாக அமைந்த பாலபாட நூல்கள், வகுப்பு முறை, அச்சு, பிரசங்கம் என்று மிஷன் பள்ளியில் கண்ட வழிகளையெல்லாம் சைவத்துக்கும் தமிழுக்கும் பயன்படுத்தினார்.

அப்துல்லாவும் நாவலரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். சமயமும் வேறு. ஆனால் இருவரும் பாதிரிமார்களுக்கு மொழி உதவி செய்தார்கள். இருவரும் தம் சமயத்தை விடவில்லை. இருவரும் அச்சைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். இந்த ஒப்பீட்டை ஒரு பத்தியாக எழுதினால் உங்கள் கட்டுரை தனியாகத் தெரியும்.

தோட்டத்துப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன?

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். நாட்டின் தமிழ்க்கல்வி வரலாறு 1816-இலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கில் தொடங்கிய பிரீ ஸ்கூலின் கீழ்த் தமிழ் வகுப்பு நடந்தது. 2016-இல் 200 ஆண்டு விழா கொண்டாடினோமே, அதற்கு அடிப்படை இதுதான். ஆனால் அந்த வகுப்பு போதிய மாணவர் இல்லாமல் சில ஆண்டுகளில் நின்றுபோனது. விழாவை நினைவு வைத்திருக்கும் நாம், வகுப்பு நின்றதையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லவேண்டும்.

1887-இல் சிங்கப்பூரில் சோபியா பிளாக்மோர் என்ற மெதடிஸ்ட் அம்மையார் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளுடன் ஒரு பள்ளி தொடங்கினார். தமிழ் வணிகர்கள் உதவினார்கள். பெயரே ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’தான். இன்று அது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்ற ஆங்கிலவழிப் பள்ளி. பெண்பிள்ளைகள் படிக்க வழி திறந்தது பெரிய காரியம். ஆனால் இரண்டாவது கேள்வியையும் கேட்கவேண்டும்: பள்ளி வளர்ந்தது, அதில் தமிழ் வளர்ந்ததா?

மலாக்காவில் ரப்பர் வந்தது 1896-இல். டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்ட ரப்பர்தான் மலாயாவின் முதல் வணிகத் தோட்டம். பிறகு புக்கிட் அசாஹான் போன்ற இடங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் ஆட்கள் வந்தார்கள். லயத்து வீடுகளில் குடும்பங்கள் நிறைந்தன, பிள்ளைகள் நிறைந்தார்கள்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று இங்கே உண்டு. “1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் மலாக்காவில் தோட்டப்பள்ளிகள் தோன்றின” என்று எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய இணைந்த மலாய் மாநிலங்களுக்கானது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்ற கருத்து அதன் வழியே வந்தது. மலாக்காவோ பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றப் பகுதியாக இருந்தது. சட்டம் எழுதும்போது எல்லையையும் சேர்த்து எழுதுங்கள்.

தோட்டப்பள்ளிகளின் பின்னால் சட்டம் இருந்தது, ஆட்கள் ஊரைவிட்டுப் போகாமலிருக்கவேண்டும் என்ற நிர்வாகத்தின் கணக்கும் இருந்தது. சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். கத்தோலிக்கத் திருச்சபையும் தமிழர்க்குப் பணி செய்தது. பேராக், பாகான் செராய் பக்கத்தில் ரெனே ஃபே அடிகளார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நிலத்தோடு குடியிருப்பு அமைத்துக் கொடுத்தார். பின்னர் 1896-இல் மலாக்கா மறைமாவட்ட ஆயரானார். கூலிக்கு வந்தவர்களைச் சொந்தமாக உழுது வாழவைக்கும் முயற்சி அது.

ஆனால் தோட்டப்பள்ளி சுதந்திரத்துக்குப் பின்னும் நின்றதற்கு யார் காரணம்? 1951-இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கிலம் கொண்ட தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1956-இன் ரசாக் அறிக்கைதான் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தேசிய அமைப்பில் இடம் கொடுத்தது. அந்தக் காலமெல்லாம் பள்ளியைத் தாங்கியவர்கள் பால்மரம் வெட்டிய பெற்றோரும், குறைந்த சம்பளத்தில் நின்ற ஆசிரியர்களும், இயக்கத்தாரும்தான். இன்று மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ரப்பர் முதலில் வேர்விட்ட புக்கிட் லிந்தாங்கிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு.

தனிநாயகம் அடிகளார்: உள்ளிருந்து செய்த தொண்டு

மறைப்பணியாளர் என்றாலே வெள்ளைக்காரர் என்று நினைக்கும் பழக்கத்தை மாற்றுபவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர், கத்தோலிக்கக் குரு. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் தமிழை ஆழமாகக் கற்று, பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1964-இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக்காட்டினார். அதே ஆண்டில், 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை மறுபதிப்பாக வெளியிட்டார். மிஷனரிகள் தம் தேவைக்குத் தொகுத்த தமிழை, ஒரு தமிழ்க் குரு தமிழருக்கே மீட்டுக் கொடுத்தார் என்பது அந்தப் பதிப்பின் பொருள்.

அவரிடம் படித்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். மூன்று கேள்விக்கும் அவர் பணியில் நேரான விடை உண்டு: தமிழருக்காக, தமிழுக்காக, தமிழர் எடுத்து நடத்தும்படி.

விடைத்தாளில் எப்படி எழுதுவது?

மாணவர்களே, ஒரு மாதிரிப் பத்தி இதோ. அப்படியே மனப்பாடம் செய்யவேண்டாம். அமைப்பை மட்டும் பாருங்கள்.

“மலாக்காவில் 1818-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கிலோ-சீனக் கல்லூரி, சீனாவில் மறைப்பணி செய்வதற்கான தயாரிப்புக் களமாகவே அமைந்தது. ஆகவே 1843-இல் அது ஹாங்காங்குக்கு மாற்றப்பட்டது. எனினும், அந்த அச்சகத்தில் பயிற்சி பெற்ற முன்ஷி அப்துல்லா தம் சமயத்தை விடாமலே அச்சுக்கலையை மலாய் எழுத்துலகுக்குக் கொண்டுசென்றார். மறைப்பணியாளரின் நோக்கம் ஒன்றாக இருந்தாலும், அதன் பயனைத் தீர்மானிப்பவர் அதைப் பெற்றுக்கொள்ளும் மக்களே என்பதை இது காட்டுகிறது.”

நான்கு வாக்கியம். முதலில் சான்று, அடுத்து அதன் விளைவு, பிறகு ‘எனினும்’ என்ற திருப்பம், கடைசியில் முடிவு. பாராட்டும் உண்டு, வரம்பும் உண்டு. எந்தச் சமயத்தாரும் படித்து முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: ‘எல்லா மிஷனரிகளும்’, ‘எப்போதும்’, ‘ஒருவரும்’ போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒரு விதிவிலக்கு போதும், உங்கள் வாதம் கவிழ்ந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மில்ன், ஒரு குழுவுக்கு அப்துல்லா, ஒரு குழுவுக்குத் தனிநாயகம் அடிகளார் என்று கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு வரியில் விடை எழுதட்டும். பிறகு பலகையில் அட்டவணை போட்டு ஒப்பிடுங்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்று நமக்கு இது எதற்கு?

இது பழங்கதை மட்டும் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தாமான்களுக்கு மாறிவிட்டன. தேவாலயம், கோயில், தொண்டு அமைப்பு என்று பலரும் இலவசப் பிரத்தியேக வகுப்பு, உணவுப் பொட்டலம், புத்தகப்பை எல்லாம் கொடுக்க முன்வருகிறார்கள். கொடுப்பவர் சட்டையின் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்பதும் சரியில்லை. இலவசம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதும் சரியில்லை.

அதே மூன்று கேள்வியைக் கேட்போம். இந்த வகுப்பு எங்கள் பிள்ளைகளுக்காகத்தானா? அவர்களுக்குப் புரியும் மொழியில் நடக்கிறதா? அடுத்த ஆண்டு நீங்கள் வராவிட்டால், நடத்துவதற்கு எங்கள் பெற்றோரில் இருவருக்காவது பழக்கிவிடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்கிற எவரையும் வரவேற்கலாம்.

1816-இன் பினாங்கு வகுப்பை நல்ல மனத்தோடுதான் தொடங்கினார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. நம் பள்ளிகள் நின்றுவிடாமலிருக்க, பள்ளி மேலாளர் வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் நாற்காலிகள் காலியாக இருக்கக்கூடாது. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், தயவுசெய்து போய் உட்காருங்கள்.